வரிசை எண் நாற்பத்தொன்று

ஸ்டோர்காரருக்கு எந்தச் சாமானையும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஆகாது. தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் இருபத்தோரு வருஷமாக அவர் வைத்ததுதான் சட்டம். பதினாலாயிரம் சாமான், பதினாலாயிரம் எண். "வாஷர் ஒண்ணு குடுங்க" என்று யாராவது ஜன்னலில் வந்து நின்றால் ஏறிட்டும் பார்க்கமாட்டார். "நம்பர்?" என்பார். நம்பர் தெரியாதவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான், முதலாளியே ஆனாலும் சரி.

கிடங்கோடு விட்டாரா? வீட்டிலும் அதே கூத்து. கதவுக்குப் பின்னால் குடைக்கு ஒரு ஸ்டிக்கர், குடை மாட்டுகிற கொக்கிக்கு ஒரு ஸ்டிக்கர். அவர் மனைவி பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற கூடத்தில் வேலை பார்த்தாள். அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும்வரை ஒரே பல்லை ஒன்பது தடவை ராவுகிற கை. பொறுமைக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்டவளின் பொறுமையையே ஒருநாள் மலையேற வைத்துவிட்டார் மனுஷன். கல்யாண ஆல்பத்தின் அட்டையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் 'நகராச் சரக்கு'.

"என்ன இது?" என்று கேட்டாள்.

"மூணு வருஷமா யாரும் எடுக்காத சாமானுக்கு மஞ்சள்தான் ஒட்டணும். நீ கடைசியா எப்ப எடுத்துப் பாத்த?" என்றார். உண்மையைத்தான் சொன்னார், பாவம். அந்த உண்மைதான் பதினோரு வருஷக் குடித்தனத்துக்கு உலை வைத்தது.

சண்டை சச்சரவு இல்லாமல், காதும் காதும் வைத்தமாதிரி பிரிந்துவிடுவோம் என்று இருவரும் ஒரே வக்கீலம்மாவிடம் போனார்கள். வக்கீலம்மா நல்ல மாதிரி. முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க, சாமான் வேற, பிள்ளை வேற. சாமானுக்குச் சொந்தக்காரர் உண்டு. பிள்ளைக்குச் சொந்தக்காரர்னு யாரும் கிடையாது, பொறுப்பாளிதான் உண்டு. உங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பிள்ளை வேணும்னு கோர்ட் கேக்காது. பிள்ளைக்கு என்ன வேணும்னுதான் கேக்கும். புரியுதா?"

ஸ்டோர்காரர் பலமாகத் தலையை ஆட்டினார். ஆட்டிய தலைக்குள் அது ஏறுவதற்கு முழுசாக ஒரு மாசம் ஆனது. அந்த மாசத்தின் கதைதான் இது.

பிள்ளை ஒன்றே ஒன்று. ஒன்பது வயதுப் பெண். பிறந்தபோது உருண்டு திரண்டு இருந்ததால் பட்டாணி என்று பேர் வந்தது. இப்போது ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துவிட்டாள், பேர் மட்டும் உருண்டையாகவே நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் அம்மா பார்த்திருக்கும் புது வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு நாலு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். ஆகவே பட்டாணி அம்மாவோடு இருப்பாள், ஒன்று விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு அப்பாவிடம் வருவாள் என்று பேசி முடித்தார்கள். ஸ்டோர்காரர் "சரி" என்றார். சொல்லிவிட்டுப் படியிறங்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். மாசத்துக்கு நாலு நாள்! அந்தப் பிள்ளை இல்லாமல் இந்த வீட்டில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்? குடைக் கொக்கியையா? ஆனாலும் நியாயம் அதுதான் என்று அவருக்கே தெரியும்.

சாமான் பட்டியலை நான்தான் போடுவேன் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டார். அறை அறையாகப் போனார். மொத்தம் அறுபத்து மூன்று உருப்படி. சின்ன அறைக்கு வந்ததும் நாற்பது பீரோ, நாற்பத்தொன்று பட்டாணி, நாற்பத்திரண்டு வாஷிங் மெஷின் என்று எழுதினார். பட்டாணி அப்போது பீரோவுக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையை எதுக்குங்க லிஸ்ட்ல சேத்தீங்க?" என்றார் வக்கீலம்மா.

"விட்டுப்போயிடக் கூடாதில்லையா மேடம்."

அன்றைக்கு வக்கீலம்மாவுக்கு இதைத் தவிர ஒன்பது விவாகரத்து. சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஒப்பந்தத்தையும் எண்ணை வைத்தே டைப் அடித்தார்கள். எண் இருந்தால் குழப்பம் வராதாம். சொன்னவர் யார் என்று நான் சொல்லவேண்டுமா?

அதில் நாற்பதுக்கு எழுதியிருந்தது இது: 'கணவருக்கே முழு உரிமை. அவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், கழிவில் போடலாம். மனைவி எக்காலத்திலும் இதன்மேல் உரிமை கோரவோ இதைத் தேடி வரவோ கூடாது.' பீரோ அவருடைய அக்கா கொடுத்தது. யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று அவரே ஒற்றைக்காலில் நின்று இந்த வரிகளைப் போடவைத்தார்.

நாற்பத்தொன்றுக்கு ஒரு முழுப் பக்கம். மனைவியிடம் இருக்கும். ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை காலை பத்து முதல் ஞாயிறு மாலை ஆறு வரை கணவரிடம். கூட்டிவருபவர் ஒரு மணி நேரம் உடனிருக்கலாம். தினமும் மாலை ஏழு மணிக்குக் கணவர் பத்து நிமிஷம் போனில் பேசலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு மணி நேரம் வெளிக்காற்று, நல்ல தூக்கம். பள்ளி விடுமுறையில் பாதி. இத்தனையும் ஒழுங்காக நடக்கிறதா என்று குழந்தை நல அலுவலர் நேரில் பார்த்து அறிக்கை தரவேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தைய நாள் கூடத்துச் சுவர்க் கடிகாரம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்து சுக்குநூறானது. அது வரிசை எண் பதினேழு. கிடங்குச் சட்டப்படி, கழித்த சாமானின் இடத்தைக் காலியாக விடக்கூடாது, கீழே உள்ளதெல்லாம் ஒரு படி மேலே ஏறவேண்டும். ஸ்டோர்காரர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து நாற்பத்தாறு ஸ்டிக்கரை மாற்றி ஒட்டினார். பட்டாணியின் பள்ளிப் பையில் இருந்த நாற்பத்தொன்றை எடுத்துவிட்டு நாற்பதை ஒட்டினார். மெஷினில் நாற்பத்தொன்றை ஒட்டினார். காலையில் புதுப் பட்டியலைப் பழையதின் இடத்தில் வைத்துக் குண்டூசி குத்திக் கொடுத்தார். தன் வேலை சுத்தம் என்று அவருக்கு ஒரே திருப்தி. ஒப்பந்தத்தில் பழைய எண்கள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன என்பது அவர் புத்தியில் உறைக்கவே இல்லை. கிடங்கில் எண் மாறினால் சாமான் மாறாது, பாருங்கள்.

நீதிபதிக்கு அந்த வழக்கு நாலு நிமிஷம் பிடித்தது. "நாற்பது, நாற்பத்தொன்று, ரெண்டு பேருக்கும் சம்மதமா?" என்றார். "சம்மதம்" என்றார்கள் இருவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில். முத்திரை விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை. பட்டாணியும் அவள் அம்மாவும் புது வீட்டுக்குக் கிளம்புகிற நாள். கீழே வேன் நின்றது. மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார் குழந்தை நல அலுவலர். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, ஃபைலில் நூல் கட்டிய பேனா. வாழ்நாளில் ஒரு படிவத்தில்கூட ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார்.

பதினாறு வரை தகராறு இல்லை. பதினேழிலிருந்து வேடிக்கை ஆரம்பித்தது. அவருடைய சவரப் பெட்டி மனைவிக்குப் போனது. அவளுடைய தையல் மெஷின் அவருக்கு வந்தது. "தப்பா வருதே மேடம்" என்றாள் அவள். "எனக்குத் தீர்ப்புல என்ன இருக்கோ அதுதாம்மா" என்றார் அலுவலர். பரவாயில்லை, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் சிரித்துவிட்டார்கள். பிரிகிற நாளில் அப்படிச் சேர்ந்து சிரித்தது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாற்பது" என்றார் அலுவலர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். வாசலில் பையோடு நின்ற பட்டாணியிடம் போய்ப் பையைத் திருப்பிப் பார்த்தார். "இதோ. கணவருக்கு. கையெழுத்துப் போடுங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை. பட்டாணி அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாற்பத்தொன்று" என்றார் அலுவலர், மெஷின் பக்கம் திரும்பி. குரல் கொஞ்சம் இளகியது. "இதை ஜாக்கிரதையா பாத்துக்கணும்மா. பெத்தவங்க பிரியறப்ப ரொம்ப ஏங்கிப் போகும்."

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிற சத்தமே கேட்டது. "தீர்ப்பு தீர்ப்புதான். திருத்தணும்னா ஒரு மனு போடணும். லிஸ்ட் போட்டவர் தன் கையால எழுதணும், எது எப்படித் தப்பாச்சு, தப்பு யாருதுன்னு. முப்பது நாளுக்குள்ள. முப்பதாவது நாள் ஞாயித்துக்கிழமை வருது, அதனால திங்கக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. அது போச்சுன்னா அந்தம்மா புதுசா கேஸ் போட்டு வருஷக்கணக்கா அலையணும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் தீர்ப்புல உள்ளபடி எழுத்துக்கு எழுத்து நடங்க. மீறினவங்களை நாளைக்குக் கோர்ட் நம்பாது."

"திங்கக்கிழமையே எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து.

"எழுதிடறேன்" என்றார்.

எழுதினாரா? இல்லை. படிவத்தை வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்தார், அவ்வளவுதான். அன்றைக்கு ஸ்டாக் சரிபார்க்கிற நாள் என்றார். அடுத்த நாள் பேனா எழுதவில்லை என்றார். இப்படி ஒன்றுமில்லாத சாக்கையெல்லாம் சொல்லி ஆறப்போட்டார். அயோக்கியன் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பஸ் மாறி அவர் மகள் கிடங்குக்கே வந்துவிடுவாள். ஜன்னல் பலகைமேல் ஏறி உட்கார்ந்து, வருகிறவர்களை "நம்பர்?" என்று அவள் அதட்டுவதைப் பார்க்கும்போது அவருக்கு உச்சி குளிர்ந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஸ்டிக்கர்மேல் முன்னூறு எண்ணும்வரை வைத்திருந்து, மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் கிழியாமல் வரும் என்று இருபத்தோரு வருஷத் தொழில் ரகசியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை பக்கத்தில் இருந்தது. சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவர் செய்த குற்றம்.

மாலை ஏழு மணிக்கு மட்டும் தீர்ப்புப்படி போன் செய்வார். நாற்பத்தொன்றோடு பேச அவருக்குப் பத்து நிமிஷம் உரிமை இருக்கிறதே. அந்தப் பக்கம் பட்டாணியின் அம்மா எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், போனை மெஷினிடம் வைப்பாள். நாற்பதை அவள் தேடி வரவோ உரிமை கோரவோ கூடாதல்லவா? ஆனால் நாற்பது மெஷினோடு பேசக்கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. முதல் நாளே பட்டாணி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மெஷினே, இன்னிக்கு கணக்குல எட்டு மார்க்" என்பாள். "மெஷினே, அப்பா முட்டையை ரப்பர் மாதிரி வேகவைக்கிறாரு." மறுமுனையில் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் யாரோ மூக்கை உறிஞ்சுவது ஸ்டோர்காரருக்குக் கேட்கும். எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை, சரியாகப் பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். வேன்காரர் முதுகில் மெஷின், பின்னால் அலுவலர், அதற்கும் பின்னால் அவள். குளிர் பட்டுவிடக் கூடாதென்று மெஷினுக்கு ஒரு துண்டு போர்த்தியிருந்தாள். தீர்ப்பை மீறினாள் என்று ஒரு சுண்டுவிரல் அளவு குற்றம்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற வைராக்கியம்.

"ஒரு மணி நேரம் கூட இருக்கலாம்னு இருக்கு. இருப்பேன்" என்றாள்.

ஒரு ஸ்டூலைப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டாணி ஓடிவந்து மெஷின்மேல் ஏறி அமர்ந்தாள். அலுவலர் இருமினார்.

"நான் மெஷினைத்தான் மேடம் துடைக்கிறேன்" என்றாள் அவள். மெஷினைத் துடைக்கிற சாக்கில் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள், கலைந்த தலையைப் பின்னிவிட்டாள், நகம் வெட்டினாள். பதினோரு மணி அடித்ததும் எழுந்து, ஒருதரம் மெஷினைத் தட்டிக்கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டோர்காரர். அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மனசு 'கையெழுத்தைப் போட்டுத் தொலைடா' என்றது. இன்னொரு மனசு 'இன்னும் பதினாறு நாள் கிடக்கே' என்றது.

அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படிவத்தைத் திறந்தார்.

"நாற்பத்தொன்று எப்படி இருக்கு? நல்லாப் பேசுதா?"

"பேசாதுங்க."

'ஒதுங்கியே இருக்கிறது' என்று எழுதினார். "என்ன சாப்பிட்டுது?"

"ரெண்டு கரண்டி சோப்புத்தூள்."

'பசி மந்தம்' என்று எழுதினார். மெஷினைப் போட்டுக்காட்டச் சொன்னார். அது தண்ணீரைப் பிழிகிற வேகத்தில் தரையெல்லாம் அதிர நகர்ந்து வந்தது. அலுவலர் நாற்காலியோடு பின்வாங்கி, 'அடிக்கடி உடல் நடுக்கம், கோபம். கவனம் தேவை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"மேடம், இது வாஷிங் மெஷின்" என்றார் ஸ்டோர்காரர், பொறுக்கமாட்டாமல்.

"உங்களுக்கு இது மெஷினா இருக்கலாம் சார். எனக்கு இது நாற்பத்தொன்று. அப்பாவே இப்படிப் பேசினா அது எப்படிச் சகஜமாகும்? வெளிக்காத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

போனார். வேறு வழி? கிடங்கிலிருந்து தள்ளுவண்டி கொண்டுவந்து, வேன்காரரும் அவருமாக மூன்று மாடி இறக்கி, பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பட்டாணி முன்னால் ஓடி வழிவிடச் சொன்னாள். ஊஞ்சலுக்கு எதிரில் மெஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் மூன்று பேரும் காற்று வாங்கினார்கள். பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் மெஷினைப் பார்த்து, ஸ்டோர்காரரைப் பார்த்து, பிறகு மெதுவாக வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம், ஒருநாள் காலைச் சாப்பாட்டு வேளையில்தான் அவருக்கு உண்மையான அடி விழுந்தது. பட்டாணி தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு தாளைச் சாய்த்து வைத்து, முட்டையைத் தின்றபடி படித்துக்கொண்டிருந்தாள். தீர்ப்பு. பெரியவர்கள் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், முழுசாகப் படித்தது அவள் ஒருத்திதான்.

"அப்பா, நான் நாப்பதுதானே?"

"ஆமாங் கண்ணு."

"அப்போ என்னை விக்கலாமாமே?"

அவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கழிவுல போடலாம்னும் இருக்கு" என்றாள், விரலை வரிமேல் வைத்துக்கொண்டு. "கழிவுன்னா நம்ம கடிகாரத்தைப் போட்டோமே, அந்தப் பெட்டியாப்பா?" பயந்து கேட்கவில்லை. நம்பர் தெரியாத சாமானைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஐயோ, அது பீரோவுக்கு எழுதினதும்மா!"

"அப்போ எனக்கு எழுதினது எது?"

அவர் நாற்பத்தொன்றைக் காட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள். சாப்பாடு, காற்று, தூக்கம், அம்மாவிடம் இருப்பது, அப்பாவிடம் வருவது, போன், பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள்.

"இது நல்லா இருக்கே. இதை எதுக்கு மெஷினுக்குக் குடுத்தீங்க?" என்றாள்.

ஸ்டோர்காரர் மணியாச்சு என்று சொல்லி அவள் பையை எடுத்து மாட்டிவிட்டார். அன்றைக்குக் கிடங்கில், இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக, தப்பான சாமானை எடுத்துக் கொடுத்தார். வக்கீலம்மா அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் அவர் மண்டைக்குள் நுழைந்தது. சொந்தக்காரர் வேறு, பொறுப்பாளி வேறு. அவர் கையில் இருந்தது பீரோவுக்கு உண்டான உரிமை. அதை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தார். புரிந்தது, ஆனாலும் எழுதவில்லை! சட்டைப்பைக்குக் கை போகும், திரும்பிவிடும். மாசத்துக்கு நாலு நாள் என்ற நினைப்பு வந்து தடுத்துவிடும்.

இருபத்தொன்பதாம் நாள் மெஷின் இரண்டாம் முறை வந்தது. அதே ஸ்டூல், அதே ஒரு மணி நேரம். இந்தத் தடவை பட்டாணி அம்மா அவரிடம் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. கிளம்பும்போது, "மெஷினுக்குப் பல்லு ஆடுதாம், போன்ல சொல்லுச்சு. அந்தப் பக்கம் கடிக்க வேணாம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பட்டாணிக்குப் பல் ஆடுவது அதே வீட்டில் இருக்கிற அவருக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் ஞாயிறு, மாலை ஆறுக்கு ஐந்து நிமிஷம். அலுவலர் படிவத்தோடு வந்துவிட்டார். வேன்காரர் கயிற்றோடு நின்றார். வாசற்படியில் பட்டாணி அம்மா, மெஷினைக் கூட்டிப்போக.

"நாற்பத்தொன்று ரெடியா?" என்றார் அலுவலர்.

"ரெடி" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

பட்டாணி வந்தாள். தலை வாரி, பை மாட்டி, காலணிவரை போட்டிருந்தாள். சட்டையில் நெஞ்சுக்கு நேராக வெள்ளை ஸ்டிக்கர். நாற்பத்தொன்று. ஸ்டோர்காரர் சின்ன அறையை எட்டிப் பார்த்தார். மெஷினின் நெற்றியில் நாற்பது ஒட்டியிருந்தது. தரையில் ஈரத்துணி ஒன்று கிடந்தது. ஸ்டிக்கரின் ஓரம்கூடக் கிழியவில்லை, மூலை மடங்கவில்லை. முன்னூறு வரைக்கும் பொறுமையாக எண்ணியிருக்கிறாள்.

அலுவலர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"பேர் என்னம்மா?"

"பட்டாணின்னு கூப்பிடுவாங்க. பள்ளிக்கூடத்துல வேற பேர்."

"அடடே, போன தடவைக்கு இப்ப எவ்வளவோ தேவலையே! நல்லாப் பேசுது. நடுக்கமும் இல்லை" என்று அலுவலர் பூரித்துப்போய் எழுதினார். பிறகு பேனாவை நிறுத்தினார். "ஆனா சார், லிஸ்ட் போட்டவர் நீங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் அனுப்ப முடியும். இதுதானே நாற்பத்தொன்று?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பட்டாணியின் அம்மா கதவு நிலையைப் பிடித்திருந்தாள், விரல்கள் வெளுத்திருந்தன. பட்டாணி அவரைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் ஏதும் இல்லை. சாமானை ஜன்னலில் வைத்துவிட்டு, சரிபார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி நின்றாள்.

பட்டியலில் நாற்பத்தொன்று வாஷிங் மெஷின். அதுதான் அவர் கையால் எழுதியது, அவர் கையெழுத்துப் போட்டது. இல்லை என்று ஒரு சொல் போதும், மெஷின் படியிறங்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். இருபத்தோரு வருஷத்தில் அவர் ஒரு சாமானுக்கும் பொய்யாகச் சரி சொன்னதில்லை.

"சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார். "முதல்லேருந்தே இதுதான் நாப்பத்தொண்ணு."

பட்டாணி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், ஆடுகிற பல்லை வாயைத் திறந்து பார்த்தாள். கடைசியில் எழுந்து அவரைப் பார்த்து, "சனிக்கிழமை இல்ல, அடுத்த சனிக்கிழமை, பத்து மணிக்குக் கூட்டிட்டு வரேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை.

படியிறங்கப் போன பட்டாணி திரும்பி வந்தாள். "அப்பா, ஏழு மணிக்குப் போன் பண்ணணும். பள்ளி லீவுல பாதி இங்கதான். எல்லாம் எழுதியிருக்கு. மறந்துடாதீங்க" என்றாள். "மறக்கமாட்டேன்" என்றார். 

அவர்கள் போனபின் சின்ன அறையில் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரில் நாற்பது. முழு உரிமை. யாரும் தேடி வரமாட்டார்கள். ஏழு மணிவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போன் செய்தார்.

திங்கட்கிழமை காலை கோர்ட் ஜன்னலில் முதல் ஆளாக நின்றார். மடிப்பெல்லாம் நைந்துபோன படிவத்தில், தப்பு யாருடையது என்ற இடத்தில் 'என்னுடையது' என்று எழுதியிருந்தார். குமாஸ்தா வாங்கிப் பார்த்து, தலை நிமிராமலே கேட்டார்.

"நம்பர்?"

"நம்பர் கிடையாதுங்க. பொண்ணு. பேர் எழுதியிருக்கேன்."

"கையெழுத்து புரியலையே. சொல்லுங்க."

ஸ்டோர்காரர் மகளின் முழுப் பேரைச் சொன்னார். குமாஸ்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாக, இன்னொரு தரம் சொன்னார்.